பின்தோள் கேட்ட சொல்

முத்தன் தன் வாழ்நாளில் ஜெயித்தவை என்று சொல்ல ஐந்து உண்டு. எட்டு வயதில் அம்மை போட்டு, பெரியவர்கள் குழி வெட்ட இடம் பார்த்துவிட்டு வந்த பிறகு, கண்ணைத் திறந்து கஞ்சி கேட்டான். மீசை சரியாக அரும்பாத வயதில், தோள் காய்த்துப்போன ஆட்கள் அத்தனை பேர் இருக்க, டோலியின் இடது முன்தோள் இடத்தைப் பிடித்தான். பாப்பாயியை அவள் அப்பன் வேறோர் இடத்தில் பேசி முடித்த பிறகும் அவளையே கட்டிக்கொண்டான். மண்ணைவிடக் கல் அதிகமாகக் கிடந்த ஒரு சரிவில் மிளகுக்கொடி ஏற்றிக் காய்க்கவும் வைத்தான். ஐந்தாவதாக, ஒரு சர்க்கார் அதிகாரியின் மேல் வழக்குப் போட்டு, செய்தது தப்பு, அதற்கு அவரே பொறுப்பு என்று கோர்ட்டைச் சொல்லவைத்தான். கொல்லிமலையில் அதற்கு முன் அப்படி ஒருவன் செய்ததாக யாரும் சொல்லக் கேட்டதில்லை.

முதல் நான்கையும் அவன் சிரித்துக்கொண்டே சொல்வான். ஐந்தாவதைப் பற்றி யாராவது ஆரம்பித்தால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விடுவான்.

அந்த நாளில் மலைக்கு ரோடு கிடையாது. காரவள்ளியில் பஸ்ஸை விட்டு இறங்கினால் அப்புறம் ஒற்றையடிப் பாதைதான். நடக்க முடியாத நோயாளியைக் கீழே இறக்குவதும் டோலிதான், நடக்கப் பிரியப்படாத அதிகாரியை மேலே ஏற்றுவதும் டோலிதான். இரண்டு மூங்கில்களுக்கு நடுவே ஒரு பிரம்பு நாற்காலியை வைத்துக் கட்டி, முன்னால் இரண்டு பேர், பின்னால் இரண்டு பேர் தூக்குவார்கள். நோயாளிக்குத் தூக்குவதை யாரும் வேலை என்றே நினைத்ததில்லை. அதிகாரிக்குத் தூக்குவது முறை வைத்து ஊர் ஊராக வரும். கூலி என்று ஒன்று கிடையாது. வெள்ளைக்காரன் காலத்து வழக்கம், அவன் போன பிறகும் அது போகவில்லை.

டோலி தூக்குகிறவனுக்குப் பலம் மட்டும் போதாது. பின்னால் நிற்கிறவனுக்குப் பாதை தெரியாது. நாற்காலியின் முதுகும், அதில் உட்கார்ந்திருப்பவரின் தலையும்தான் அவன் கண்ணுக்குப் படும். காலை எங்கே வைப்பது என்று முன்தோள்காரன் சொல்லித்தான் அவனுக்குத் தெரியவேண்டும். "கல்லு" என்றால் காலைத் தூக்கி வைப்பான். "வேரு" என்றால் ஒதுங்குவான். "வழுக்கு" என்றால் விரலை மண்ணில் ஊன்றுவான். ஒரு சொல் தவறினால் நான்கு பேரும் பள்ளத்தில் கிடக்கவேண்டியதுதான். முத்தனுக்கு நேர் பின்னால், இடது பின்தோளில் நின்றவன் வெள்ளையன், பாப்பாயியின் அண்ணன். ஏழெட்டு வருஷம் முத்தனின் குரலைக் கேட்டே அந்த மலையை ஏறி இறங்கியவன். வலது பக்கம் முன்னால் சின்னுசாமி, பின்னால் அண்ணாமலை. நான்கு பேரும் ஒரே உயரம். கல்யாண வீட்டில்கூட நால்வரும் ஒரே வரிசையில்தான் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். டோலி இல்லாமலே டோலி வருகிறது என்று பெண்டுகள் கேலி செய்வார்கள்.

1957ஆம் வருஷம் மார்கழி மாதம் நிலம் அளந்து பட்டா எழுத ஓர் அதிகாரி மலைக்கு வந்தார். மலையின் ஊர்க்கூட்டங்களில் ஒன்றான திண்ணனூர் நாட்டில் முகாம் போட்டிருந்துவிட்டு, எடப்புளி நாட்டுக்குப் புறப்படவேண்டிய நாளில் முறை இந்த நால்வருக்கு விழுந்தது. முத்தனுக்கு மூன்று நாளாகக் குளிர்ஜுரம். போகவேண்டாம், ஆள் விட்டுச் சொல்லிக்கொள்ளலாம் என்று பாப்பாயி சொன்னாள். ஆள் விட்டுச் சொன்னால் ஏய்க்கிறான் என்பார்கள், முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு வந்துவிடுகிறேன் என்று கம்பளியைப் போர்த்திக்கொண்டு போனான்.

டோலி தயாராக இருந்தது. மற்ற மூவரும் அவரவர் இடத்தில் நின்றிருந்தார்கள். காரவள்ளியிலிருந்து உப்பும் கருவாடும் சுமந்துகொண்டு வந்து மலையில் விற்கும் அத்தாயி, கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அதிகாரி சப்பாத்துக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"சாமி, ஒடம்பு முடியலீங்க. இன்னிக்கு நான் தூக்கமாட்டேனுங்க" என்றான் முத்தன்.

அதிகாரி நிமிரவில்லை. நடந்தால் ஜுரம் சரியாகிவிடும் என்றார். முத்தன் அதோடு திரும்பியிருக்கலாம். ஆனால் அந்த வருஷம் காரவள்ளியில் கொடியேற்றினபோது யாரோ பேசியது அவன் மனதில் கிடந்தது.

"கூலியில்லாம ஆளைப் புடிச்சு வேலை வாங்கக்கூடாதுன்னு சட்டம் வந்திருச்சுன்னு சொன்னாங்க சாமி. அதனாலயும் தூக்கமாட்டேனுங்க."

பாதையில் "கல்லு" என்று சொல்லும் அதே குரலில், தெளிவாகத்தான் சொன்னான். அவனுக்கு வேறு குரல் கிடையாது. அதிகாரி இப்போது நிமிர்ந்தார்.

"மலைக்குச் சட்டம் ஏறி வரணும்னா அதையும் நீங்கதான்டா தூக்கிட்டு வரணும்" என்றார். கூட இருந்த டவாலிச் சேவகன் சிரித்தான்.

சிரிப்பு அடங்குவதற்குள் டோலிக் கயிற்றால் முத்தனின் கையைக் கட்டச் சொன்னார். முகாமுக்குப் பின்னால் இருந்த மாட்டுக்கொட்டிலில் தள்ளிக் கதவை வெளியே தாழிட்டார்கள். முன்தோளுக்கு வேறொருவனைப் பிடித்து நிறுத்தி டோலி கிளம்பிப் போய்விட்டது. மறுநாள் பொழுது சாயும் நேரத்தில்தான் முகாம் காவல்காரன் கதவைத் திறந்தான். கட்டிய கை வீங்கி, முத்தனுக்குத் தண்ணீர்ச் சொம்பைப் பிடிக்கக்கூட முடியவில்லை.

மற்ற மூவரும் அன்றே அவன் வீட்டுக்கு வந்தார்கள். வெள்ளையன் அவன் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு எண்ணெய் தடவினான். நீ சொன்னது ஒரு சொல் விடாமல் கேட்டேன் மாப்ளே, எங்கே வேண்டுமானாலும் வந்து சொல்கிறேன் என்றான். கேஸ் போடவேண்டும் என்று முதலில் வாயைத் திறந்ததும் வெள்ளையன்தான்.

முத்தனுக்கு மூத்தவன் நல்லமுத்து. ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன், எழுத்துக் கூட்டி எதையும் வாசித்துவிடுவான். அவன்தான் தம்பியைக் கூட்டிக்கொண்டு கீழே டவுனில் வக்கீல் அர்த்தனாரியிடம் போனான். அர்த்தனாரி வயதானவர், பல் போனவர், பாதி நேரம் தூங்குகிறவர் மாதிரி இருப்பார். கதையைக் கேட்டு முடித்ததும் தூக்கமெல்லாம் போய்விட்டது.

சர்க்கார் அதிகாரி மேல் நினைத்தவுடன் கேஸ் போட்டுவிட முடியாது, இரண்டு மாதம் முன்னால் நோட்டீஸ் கொடுக்கவேண்டும் என்றார். அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு என்றார்.

"ஏப்பா முத்தா, நல்லாக் கேட்டுக்கோ. அதிகாரி கடமையைச் செய்யறப்ப, நல்லெண்ணத்துல ஒரு தப்புப் பண்ணிட்டா, சட்டம் அவரை விட்டுரும். தப்புன்னு தெரிஞ்சே பண்ணினா விடாது. அப்ப அவரும் உன்னையாட்டம் வெறும் ஆளு. அவருக்குத் தெரியும்னு நாம காட்டோணும். நீ சொன்னேங்கறே. சொன்னதை யாரு கேட்டாங்க?"

முத்தனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இவ்வளவுதானா என்று தோன்றியது. மூன்று பேர் பெயரையும் சொன்னான். அத்தாயியும் அங்கே இருந்தாள் என்று நல்லமுத்து சொன்னதும் அர்த்தனாரி அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டார். அவளுக்கு மலையில் நிலம் இல்லை, உறவு இல்லை, யார் தயவும் வேண்டாம், அவளைத்தான் முதல் சாட்சியாகப் போடவேண்டும் என்றார்.

முத்தன் ஒத்துக்கொள்ளவில்லை. கருவாட்டுக் கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் காதில் எது விழுந்ததோ, எது விழவில்லையோ. பின்தோள்காரன் காது அப்படியா? அதில் ஒரு சொல் விழாமல் போனால் அவன் உயிரே போய்விடும். வேறு எவனும் இப்படி ஒரு கணக்குப் போட்டிருக்கமாட்டான். டோலி தூக்குகிறவனுக்குத்தான் அது கணக்கு.

"எங்க மச்சான் காதுக்கு மேல ஒரு சாட்சி வேணுங்களா வக்கீலய்யா? அந்த அம்மாவை எதுக்குங்க கோர்ட்டுக்கு இழுக்கறது" என்றான்.

அர்த்தனாரி இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். பிறகு சாட்சிப் பட்டியலில் மூன்று பெயர் மட்டும் எழுதினார்.

நோட்டீஸ் போனது. அதிகாரி தரப்பிலிருந்து பதில் வந்தது. முத்தன் குடித்துவிட்டு வந்து கலாட்டா செய்தான், விழுந்து அடிபடாமல் இருக்க அவனை ஓரிடத்தில் உட்கார வைத்தோம். டோலி தூக்கமாட்டேன் என்று அவன் ஒருபோதும் சொல்லவில்லை. மலை வழக்கப்படி ஆட்கள் மனம் ஒப்பியே தூக்குகிறார்கள் என்று அதிகாரி நல்லெண்ணத்தோடு நம்பினார். நல்லமுத்து அதை எழுத்துக் கூட்டி வாசிக்க வாசிக்க, 'ஒருபோதும் சொல்லவில்லை' என்ற இடத்தில் முத்தன் நிறுத்தச் சொன்னான். கையைக் கட்டியதற்கு, கொட்டிலில் போட்டதற்குக்கூட அவனுக்கு அத்தனை கோபம் வரவில்லை. அன்றிலிருந்து அவனுக்கு வேண்டியதெல்லாம் ஒன்றுதான். தான் சொன்னதைச் சொன்னதாக ஒரு சபையில் ஒத்துக்கொள்ளவேண்டும்.

வழக்கு விசாரணைக்கு வர ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. அதற்குள் அளவை வேலை ஊர் ஊராக நடந்தது. சின்னுசாமியின் வரகுக்காட்டில் அளவுச் சங்கிலி விழுந்தது. அண்ணாமலையின் மரவள்ளிக் காட்டில் விழுந்தது. வெள்ளையனின் காட்டில் இரண்டு தடவை விழுந்தது. அவன் அப்பன் காலத்தில் பக்கத்துக்காரனிடம் விட்டிருந்த மூலையும் அவன் பேருக்கே வந்தது. முத்தனின் மிளகுச் சரிவு வரை வந்த சங்கிலியைச் சுருட்டிக்கொண்டு ஆட்கள் திரும்பிப் போனார்கள். பாப்பாயிக்கு அப்போதே சந்தேகம். அண்ணன் இப்போதெல்லாம் நம் வீட்டுப் பக்கம் வருவதில்லையே என்றாள். அறுவடை நேரம், வேலை இருக்கும் என்றான் முத்தன்.

கோர்ட்டில் முத்தன் தன் சாட்சியத்தைச் சொன்னான். அடுத்துச் சின்னுசாமி ஏறினான். அப்போது தான் குனிந்து கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்ததாகச் சொன்னான். அண்ணாமலையும் குனிந்து கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தானாம். ஒரு டோலிக்கு எத்தனை கயிறப்பா என்று அர்த்தனாரி கேட்க, கோர்ட்டில் சிரித்தார்கள். முத்தனும் லேசாகச் சிரித்தான். அவனுக்கு இன்னும் பயம் வரவில்லை. வெள்ளையன் இருக்கிறான்.

வெள்ளையன் கூண்டில் ஏறி, முத்தன் இருந்த பக்கம் பார்க்காமல் நின்றான். தான் பின்தோள்காரன் என்றும், பின்தோள்காரனுக்கு முன்னால் நடப்பது எதுவும் தெரியாது என்றும் சொன்னான். அது உண்மைதான். மலையில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள்.

அர்த்தனாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "பாக்கல, சரி. காதுமா கேக்கல? முத்தன் ஏதோ சொன்னானே, அது விழுந்துதா இல்லையா?"

வெள்ளையன் கூண்டின் கம்பியைப் பார்த்தான்.

"காத்து அடிச்சுதுங்க" என்றான்.

கோர்ட் கலைந்து வெளியே வந்தபோது வெள்ளையன் புளியமரத்தடியில் பீடியைப் பற்றவைக்காமல் விரலில் வைத்துக்கொண்டு நின்றான். நல்லமுத்து அவனை அடிக்கக் கை ஓங்கினான். முத்தன் அண்ணனின் கையைப் பிடித்துக் கீழே இறக்கினான்.

"ஏன் மச்சான்?" என்று மட்டும் கேட்டான்.

"பட்டா மாப்ளே. எங்கப்பன் போனதே அந்த மூலை நெலத்தை நெனைச்சுத்தான். அந்தாளு பேனாவை எடுத்தா எழுதுவான், மூடி வெச்சா முடிஞ்சுது. உனக்கென்ன குறைஞ்சு போச்சு? நீ சொன்னது சொன்னதுதானே. நான் கேக்கலேன்னா அது இல்லாம போயிருமா?"

"போயிருச்சே" என்றான் முத்தன்.

வெள்ளையன் பீடியைக் காதில் செருகிக்கொண்டு நடந்தான்.

முன்சீப் தீர்ப்பும் அப்படித்தான் வந்தது. கையைக் கட்டியதும் அடைத்து வைத்ததும் நடந்தது உண்மை. ஆனால் வாதி மறுத்ததாகச் சொல்லும் பேச்சுக்கு அவனைத் தவிர வேறு சாட்சி இல்லை. வழக்கப்படி ஆட்கள் விரும்பித் தூக்குகிறார்கள் என்று அதிகாரி நம்பியிருக்கலாம், ஆகவே நல்லெண்ணம். வழக்குத் தள்ளுபடி. முத்தன் அன்றைக்கே காரவள்ளிக்கு அத்தாயியைத் தேடிப் போனான். அவள் போன ஐப்பசியில் இறந்துவிட்டாள் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். அவள் வீட்டு வாசலில் கவிழ்ந்து கிடந்த கருவாட்டுக் கூடையையே பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டு மலையேறினான்.

பாப்பாயி தன் அண்ணன் வீட்டுத் தண்ணீரைத் தொடுவதை நிறுத்தினாள். அவன் மகள் சடங்குக்கு அழைப்பு வந்தபோது, காத்து அடிக்குது, காது கேக்கலேன்னு போய்ச் சொல்லு என்று வந்தவளைத் திருப்பி அனுப்பினாள். முத்தன் அவளைக் கடிந்துகொள்ளவில்லை. டோலிக்கு முறை வந்தால் அவன் போகவில்லை. யாரும் அவனைக் கட்டாயப்படுத்தவும் இல்லை. நோயாளிக்கு மட்டும் போவான். அதுவும் பின்தோளில்தான் நிற்பான். முன்தோளைக் கொடுத்தால் வேண்டாம் என்றுவிடுவான்.

அர்த்தனாரி விடவில்லை. அப்பீல் போட்டார். இரண்டு வருஷம் கழித்து, 1961 கடைசியில், மேல்கோர்ட்டுத் தீர்ப்பு வந்தது. வழக்கு ஜெயித்துவிட்டது. அர்த்தனாரி நல்லமுத்துவையும் முத்தனையும் வரச்சொல்லி, தன் கையால் காப்பி ஆற்றிக் கொடுத்து, தீர்ப்பைத் தமிழில் சொன்னார். கட்டாய வேலை வாங்குவதை நாட்டின் அரசியல் சட்டமே தடுத்திருக்கிறது. அது தெரியாது என்று ஓர் அதிகாரி சொல்லமுடியாது. வழக்கம் என்பது சட்டத்துக்கு மேல் இல்லை. நிலம் அளக்க வந்தவருக்கு ஒருவனைக் கட்டிப் போடுவது கடமையில் சேராது. கடமையில் சேராத காரியத்துக்கு நல்லெண்ணம் என்ற போர்வையும் கிடையாது. சர்க்காருக்கு இதில் பொறுப்பில்லை; அதிகாரி தன் சொந்தப் பொறுப்பில் நஷ்டஈடு கொடுக்கவேண்டும்.

நல்லமுத்துவுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. மலைக்காரன் ஒருவனுக்காக இப்படி ஒரு தீர்ப்பா, அதுவும் தன் தம்பிக்கா என்று திரும்பத் திரும்பச் சொன்னான்.

முத்தன் காப்பியைத் தொடாமல் கேட்டான். "நான் தூக்கமாட்டேன்னு சொன்னேன்னு அதுல போட்டிருக்காங்களாய்யா?"

"அதுதான்ப்பா இதுல அழகே. நீ சொன்னியா இல்லையாங்கறதை முடிவு பண்ணவே தேவையில்லைன்னு ஜட்ஜ் போட்டிருக்கார். நீ வாயே தொறக்காட்டியும் அந்தாளு பண்ணினது தப்புதான். இது எவ்வளவு பெருசு தெரியுமா? இனிமே உன்னையாட்டம் ஒருத்தன் வந்தா, அவனுக்கு வெள்ளையனே வேண்டாம்."

அர்த்தனாரி சொன்னது சரி. சட்டத்துக்கு அது பெரிய காரியம்தான். முத்தனுக்கும் அது புரிந்தது. ஆனாலும் அவன் காப்பி ஆறிப்போய்த்தான் கிடந்தது.

மலையில் அந்தத் தீர்ப்பு வேறு மாதிரிப் பரவியது. முத்தன் ஒன்றும் சொல்லவில்லை என்று கோர்ட்டே சொல்லிவிட்டதாம், இருந்தும் பணம் கொடுக்கச் சொல்லிவிட்டார்களாம் என்றார்கள். வைகாசியில் ஒரு கல்யாணப் பந்தலில் சின்னுசாமி அவனைக் காட்டி, "வாயே தொறக்காம ஜெயிச்சவன் வாரான், வழி விடுங்க" என்றான். பந்தியே சிரித்தது. சற்றுத் தள்ளி உட்கார்ந்திருந்த வெள்ளையனும் சிரித்தான். கூட்டத்தோடு சிரித்த சிரிப்புதான். வேண்டுமென்று சிரித்ததாகச் சொல்லமுடியாது. முத்தன் இலையை மடித்துவிட்டு எழுந்துவிட்டான்.

வீட்டுக்கு வந்ததும் பாப்பாயி ஆறுதல் சொன்னாள். நீங்கள் சொன்னது எனக்குத் தெரியுமே, கொட்டிலிலிருந்து வந்ததுமே என்னிடம் சொன்னீர்களே என்றாள். நீ அங்கே இல்லையே பாப்பாயி என்றான் அவன்.

மறுவாரம் அவன் தனியாகக் கீழே இறங்கி அர்த்தனாரியிடம் போனான். அன்றைக்கு அதிகாரியிடம் தான் சொன்னதையும், அவர் திருப்பிச் சொன்னதையும், அதைக் கேட்டவர்கள் பெயரையும் ஒரு காகிதத்தில் எழுதி வழக்குக் கட்டோடு சேர்த்து வைக்கவேண்டும் என்றான். கேஸ் முடிந்துபோயிற்று, இனி அந்தக் காகிதத்துக்குச் சட்டத்தில் ஒரு மதிப்பும் இல்லை என்றார் அர்த்தனாரி. தெரியுமுங்க என்றான் முத்தன். அவர் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, மறுபேச்சில்லாமல் குமாஸ்தாவை எழுதச் சொன்னார். எழுதி முடித்து வாசித்துக் காட்டினார்கள். அத்தாயி பெயர் முதலிலும் வெள்ளையன் பெயர் கடைசியிலும் இருந்தது. குமாஸ்தா மைப்பெட்டியைத் திறந்து அவன் பக்கம் நகர்த்தினான்.

முத்தன் பெருவிரலை மடக்கிக்கொண்டான்.

"அந்த மூணு பேரும் கோர்ட்டுல பொய்யைச் சொல்லிட்டு இப்படி மையிலதாங்க வெரலை வெச்சாங்க. இது அவங்களதாட்டம் வேண்டாமுங்க. நான் அப்பறம் வாரேன்."

மலைக்குத் திரும்பி வந்து, தன் பெயரைப் பெரிதாக எழுதித் தரும்படி நல்லமுத்துவைக் கேட்டான். நல்லமுத்து கதவின் உள்பக்கம் கரிக்கட்டியால் எழுதிக் கொடுத்தான். முதல் எழுத்தின் சுழியும், கடைசி எழுத்தின் வளைவும் முத்தனுக்குப் படியவே இல்லை. காட்டில் களைக்கொத்தின் முனையால் எழுதுவான், பாறையில் தண்ணீரால் எழுதுவான். விரல் மூங்கிலுக்குப் பழகியது, பேனாவை நெரித்துவிடும்போலப் பிடிக்கும். மிளகுக்கொடி பூ எடுக்கும் சமயத்தில் அவன் மறுபடியும் கீழே இறங்கினான். இந்தத் தடவை பாப்பாயியும் கூட வந்தாள்.

குமாஸ்தா காகிதத்தை எடுத்து வைத்தான். இன்னொரு தடவை வாசிக்கட்டுமா என்று அர்த்தனாரி கேட்டார். வேண்டாம், மனப்பாடமாகவே இருக்கிறது என்றான் முத்தன். பேனாவை வாங்கி, எழுத்துக்கு எழுத்து நிறுத்தி நிறுத்தி எழுதினான். கடைசி எழுத்து கோட்டுக்குக் கீழே இறங்கிவிட்டது. அதைத் திருத்தவேண்டாம் என்று பாப்பாயி சொல்லிவிட்டாள். அர்த்தனாரி அதன் கீழே தேதியைக் குறித்தார். முத்தன் தன் பெயரை முதன்முதலாகக் கையெழுத்திட்டது 1962ஆம் வருஷம் செப்டம்பர் மாதம் 14ஆம் தேதி, வெள்ளிக்கிழமை.